அக்கரைத் தட்டு

ஆறாம் வகுப்பில் என் தலையில் விழுந்த றெஃபறாட், மொன்டெலூப்போ என்ற இத்தாலிய ஊரைப் பற்றியது. றெஃபறாட் என்றால் ஒரு விஷயத்தைப் படித்துவந்து வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டும். வண்ணத் தட்டுகளுக்குப் பேர்போன அந்த ஊரை வளர்த்துவிட்டதே ஆர்னோ ஆறுதான். வண்டியில் ஏற்றினால் மேடு பள்ளத்தில் தட்டுகள் உடையும்; படகில் அலுங்காமல் கடல்வரை போய்விடும். திரும்பும் படகுகளும் வெறுமனே வராமல், மெருகுக்கு வேண்டிய வெள்ளீயத்தை ஏற்றிவந்தன. இதை நான் வீட்டில் எல்லோர் காதும் புளிக்கும்வரை ஒப்பித்தேன்.

நாங்கள் குடியிருந்த நகரத்தில், றைன் நதிக்கு அக்கரையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த பெண் அந்த இத்தாலிய ஊர்க்காரி. வகுப்பில் காட்டுவதற்கு, சுவரில் மாட்டியிருந்த தன் காலமான தாயாரின் தட்டைக் கழற்றி, துணைக்கு வந்த என் மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அம்மாவின் தம்பி. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

"உடைச்சியெண்டால் அவவின்ர முகத்தில முழிக்கேலாது" என்று அம்மா அவரை வெருட்டினார்.

என் பேச்சு முடிந்தது. இரவல் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? அம்மா பயத்தம் பணியாரம் அடுக்கிக் கொடுத்தார். மாமா சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார்.

"டிராமில குலுங்கும் பிள்ளை. நான் படகிலயே போறன்."

பாலத்தால் போனால் பத்து நிமிடம். ஆனாலும் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

தட்டு பாதாம் பிஸ்கட்டோடு திரும்பி வந்தது. அம்மா வடை வைத்தார். அது கேக்கோடு வந்தது. அந்தக் கோடை முழுக்கத் தட்டு ஒரு சுவரிலும் தங்கவில்லை. அது வரும்போதெல்லாம் எங்கேயாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்தேன். தாயின் நினைவாக அந்தப் பெண்ணிடம் இருந்தது அது ஒன்றுதானே!

ஒரு ஞாயிறு மாமா வெறுங்கையோடு வந்தார். தட்டைக் கடைக்காரப் பெண்ணே வைத்துக்கொண்டாராம்.

"அப்பாடா! இனி உடையாது மாமா, நீங்களும் அலையத் தேவையில்லை" என்றேன்.

மாமா சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடி" என்று அம்மா என் தொடையில் கிள்ளினார்.

அடுத்த ஞாயிறு, கொண்டுபோகத் தட்டு இல்லாமலே, படகுத்துறையில் நானும் மாமாவும் நின்றோம். படகிலிருந்து அந்தப் பெண்ணே இறங்கினார். புதுச் சட்டை, கையில் அந்தத் தட்டு, அதில் ஒன்றுமே இல்லை. மாமா தன் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

எனக்குத்தான் கோபம். இவ்வளவு தூரம் வருகிறவர் நாலு பிஸ்கட்டாவது வைத்துக்கொண்டு வந்திருக்கலாமே!