உலைக்கு முன்னால் குடித்த மோர்

என் தலையணையையும் அவரே எடுத்துக்கொண்டார். வீட்டில் இருக்கிற தலையணையை எல்லாம் முதுகுக்கு அடுக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் என் வீட்டுக்காரர் தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் காலமெல்லாம் உலைக்கு முன்னால் நின்றவர். நுரையீரல் முன்பே கெட்டிருந்தது. இப்போது இதயமும் தளர்ந்துவிட்டது என்றார்கள்.

திருவள்ளூரில் பார்த்த டாக்டரம்மா இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுத்தார். மூச்சுக்கு இன்ஹேலர், இதயத்துக்கு மாத்திரை, உடம்பில் தேங்குகிற நீரை வெளியேற்ற இன்னொரு மாத்திரை. எதையும் விடக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நானும் விடாப்பிடியாகக் கொடுத்தேன். குழம்பில் உப்பைக் கண்ணில் காட்டவில்லை. நாக்கு நீளமான மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அதுவே எனக்கு அதிசயம். ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. இத்தனை மருந்தும் உள்ளே போய் ஒன்றோடொன்று சண்டை போடுகிறதோ என்று எனக்குக் கடுப்பு. அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

அவர் என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "நாளெல்லாம் என்ன குடிக்கிறீங்க?"

"உப்பு மோரும்மா," என்றார் பெருமையாக. "உலையாண்ட வேர்த்துக் கொட்டும். கம்பெனியில டிரம்ல வெச்சிருப்பாங்க. குடிக்காதவன் சுருண்டு உழுந்துடுவான். இந்த மாத்திரையும் தண்ணியத்தான எடுக்குது? அதான் ஒண்ணுக்குப் போய் வந்ததும் ஒரு சொம்பு கலக்கிக் குடிச்சிக்கினு கீறேன்."

"இன்னாய்யா நீ! நான் உப்பில்லாம ஆக்கிப் போட்டா, நீ பின்னாடி மோர் கலக்கினு கீறியா?" அங்கேயே கத்திவிட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உலைக்கு முன்னாடி அது சரிதாங்க. அங்க அதுதான் உங்களைக் காப்பாத்துச்சு. இப்ப மாத்திரை வெளியேத்துற தண்ணிய அந்த உப்பு உள்ளேயே நிறுத்துது," என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாகிவிட்டது.

மோரை நிறுத்தினார். மருந்து அதேதான்.

ஒரு மத்தியானம் புதுவாயல் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வந்தால், மனுஷன் தரையில் மல்லாந்து கிடக்கிறார். பை கையிலிருந்து நழுவியது. ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தேன். ஏறி இறங்கியது.

"இன்னாமே, தூங்க உட மாட்டியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

என் தலையணை ஓரமாகக் கிடந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.