கலைத்த பிறகு யாரும் கேட்காதது

நர்ஸ் வேலைக்கு ஊசி போடக் கற்றுத் தருகிறார்கள், கட்டுப் போடக் கற்றுத் தருகிறார்கள். பக்கத்தில் ஒருத்தி அழுதால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. என்னைப் போல வார்டில் நின்றவர்களுக்கு இது தெரியும். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கருக்கலைப்புக்கும் அங்கேதான் வருவார்கள்.

உடம்புக்கு ஆகாது

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெண். கைக்குழந்தைக்கு ஏழு மாதம். அடுத்தது இப்போது வேண்டாம் என்று புருசனும் அவளும் சேர்ந்தே முடிவெடுத்து வந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாயந்திரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். நான் பி.பி. பார்த்துக்கொண்டே, "அழுகாதீங்க, உடம்புக்கு ஆகாது" என்றேன். எல்லோருக்கும் சொல்கிறதுதான். அவள் திரும்பாமலே சொன்னாள்: "உடம்பு நல்லாத்தானுங்க இருக்குது சிஸ்டர். அதைய மட்டுந்தான நீங்க பாத்தீங்க."

டீ கேட்டவர்

அதற்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பழகினேன். ரொம்ப நல்ல நர்ஸ் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. அவிநாசியிலிருந்து ஒரு டெய்லர் அக்கா வந்தார். மூத்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கலைத்து முடிந்ததும் அக்கா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, மனசில் வைக்காதீர்கள், அழுதுவிடுங்கள் என்றேன். ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. கடைசியில் பொறுமையாகக் கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், அழுதாத்தான் டிஸ்சார்ஜ் பண்ணுவீங்களா?"

முகம்

இதை எழுதத்தான் தயக்கமாக இருந்தது. பெயர் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயம் சரியாக உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்று தெரிந்தது. கலைக்கச் சம்மதித்தாள். வெளியே எடுத்ததும், "ஒருக்கா காட்டுங்க" என்றாள். எங்கள் டாக்டரம்மா கெட்டவர் இல்லை. "பாத்தா மறக்கவே மாட்டா, சுத்தி எடுத்துட்டுப் போயிரு" என்று என் காதோரம் சொன்னார். எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆறு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார். வராந்தாவில் கவிதா என் கையைப் பிடித்தாள். "நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்றேன். நெற்றி உன்னுடையது மாதிரியே இருந்தது, ஒரு கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்திருந்தது என்று சொன்னேன். பின்னால் டாக்டரம்மா வந்து நின்றது எனக்குத் தெரியாது. கவிதா அழவில்லை. "தினமும் ஒவ்வொரு மொகமா நெனச்சுப் பாத்துட்டு இருந்தேனுங்க சிஸ்டர்," என்றாள். "இனி ஒண்ணு போதும்."

அடுத்து அப்படி ஒருத்தி வந்தபோது, டாக்டரம்மாவே குனிந்து, "பாக்கறயா கண்ணு?" என்று கேட்டார்.

இத்தனை வருட சர்வீசில் நானும் டாக்டரம்மாவும் கண்டுபிடித்த ஒரே மருந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான். அதையும் நோயாளிகள்தான் எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.