மோட்டார் கொட்டகைக்கு வந்த மிஸ்டு கால்

மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்று நான் செய்த ஒரு பெட்டி, பேச்சு அறுந்துபோன ஒரு அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அங்கே கொண்டுபோய் மாட்டியது நான்தான். ஆனால் அது அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

இரண்டாயிரங்களின் பிற்பாதி. செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் வந்துவிட்டது, பேசத்தான் யாருக்கும் மனசு வராது. எல்லாம் மிஸ்டு கால்தான். பஸ் ஏறியதும் ஒன்று, வீடு வந்து சேர்ந்ததும் ஒன்று. கூப்பிடப்பட்டவர் அதைக் கட் பண்ணினால் 'பார்த்துவிட்டேன், சரி' என்று அர்த்தம். கட் பண்ணாமல் அடிக்கவிட்டால் ஆள் பக்கத்தில் இல்லை, அல்லது கோபத்தில் இருக்கிறார். தப்பித் தவறி எடுத்துப் பேசிவிட்டால் காசு போச்சே என்று திட்டு விழும். காரைக்காலில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் அண்ணன் நடத்திய எலெக்ட்ரிக்கல் கடையின் பின்பக்கம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனை எங்கள் வீடுகளில் நானா என்போம். துபாயில் வயரிங் வேலை பார்த்துச் சலித்துத் திரும்பி வந்தவர் நானா. ஃபேன் ரிப்பேரும் காயில் கட்டுவதும் கடையின் முன்பக்கம். சால்டரிங் புகையும் என் வாயும் பின்பக்கம். என் வாய்க்குப் பயந்து பாதி வாடிக்கையாளர்கள் நானாவோடு பேசிவிட்டு அப்படியே நழுவிவிடுவார்கள்.

எனக்கு அப்போது ஆத்திரம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். வயல் மோட்டார்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் யார் வயலுக்கு நடப்பது? அதனால் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும். வயல் நிறைந்து, வரப்பு வழிந்து, வாய்க்காலில் தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருக்கும்; மோட்டார் மட்டும் நிற்காது. நெரவிப் பக்கம் ஸ்கூட்டியில் போகும்போதெல்லாம் இதைப் பார்ப்பேன். என் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டுப் போனதுபோல எரியும்.

அந்த எரிச்சலில் செய்ததுதான் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு, அதற்கு ஒரு சின்ன ப்ரோகிராம். வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். கால் வந்ததும் ப்ரோகிராம் முதலில் அதைக் கட் பண்ணும். அப்புறம் மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்து மோட்டாரைப் போடும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தானே நிறுத்தும். தண்ணீர் ஏறாவிட்டால் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடும். யார் நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் வேலை செய்கிற மாதிரிதான் எழுதியிருந்தேன். ஒரு வீட்டில் யார் போனில் அன்றைக்குக் காசு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் வாங்கிய சிலரில் ஒருவர் விழிதியூர்க்காரர். ஐம்பது தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். மனைவி தவறிய பிறகு தானே சோறாக்கிப்போட்டு வளர்த்த ஒரே பெண், திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள் என்றும், அதிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை என்றும் நானா சொல்லியிருந்தார். அந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பெட்டி மாட்டுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குறுவை நட்டு முடித்த சமயம் பெட்டி மாட்டப் போனேன். புது சிம் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சிம்மை எடுத்து நீட்டினார். தான் வேறு நம்பர் வாங்கிவிட்டதாகவும், இது லைஃப்டைம் சிம், வீணாகக் கிடக்கிறது என்றும் சொன்னார். பழைய நம்பர் என்றால் தெரிந்தவர்கள் கூப்பிடுவார்கள், மோட்டார் ஓடிவிடும் என்று நான் எச்சரித்தேன். எல்லாருக்கும் புது நம்பர் கொடுத்தாகிவிட்டது, இதில் கூப்பிட யாருமில்லை என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சிம்மைத் தூக்கிப்போட மனசு வராது என்பது தெரிந்ததுதானே. நானும் போட்டு மூடிவிட்டேன்.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் என் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விழிதியூர் மோட்டாரைப் பற்றி அளந்தேன். ஆட்டோவில் போட்டு வைத்திருந்தபோது எவ்வளவு நேரம் ஓடியது, இப்போது எவ்வளவு குறைந்துவிட்டது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னேன். துபாயில் கட்டடத்து விளக்கையெல்லாம் கம்ப்யூட்டரே அணைத்துப் போடும் என்று நானா ஆரம்பித்தால், அங்கே வரப்பு இருக்கிறதா என்று கேட்டு வாயை அடைப்பேன்.

அறுப்பு நெருங்கியபோது அடுத்த வயல்காரர் கடைக்கு வந்து சண்டை போட்டார். அறுப்புக்கு வயலைக் காயவிட வேண்டிய நேரத்தில் விழிதியூர்க்காரர் மோட்டார் தினமும் சாயங்காலம் ஓடுகிறது, அவர் மடையைத் திருப்பி வாய்க்காலில் விடுகிறார், அது கசிந்து என் வயல் சொதசொதவென்று கிடக்கிறது, அறுப்பு மெஷின் இறங்கினால் புதைந்துவிடும் என்றார். கடைசியில், பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

விழிதியூர்க்காரர் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைத் திறந்து கேபிளைச் செருகிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் விளக்கு மினுங்கியது, ப்ரோகிராம் காலைக் கட் பண்ணியது, மோட்டார் ஓட ஆரம்பித்தது. அவர் போன் அவர் மடியில் சும்மா கிடந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்றேன். ராங் நம்பராக இருக்கும் என்றார். தினமும் அதே நேரத்துக்கா ராங் நம்பர் வரும் என்று கேட்டேன். ஓட ஆரம்பித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டால் தீர்ந்ததே, ஏன் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன். அவர் மடையைப் பார்க்க எழுந்து போனார். எனக்கு என் பெட்டியின் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரம். அங்கேயே உட்கார்ந்து ப்ரோகிராமை மாற்றி ஏற்றினேன். இனி அவருடைய புது நம்பரிலிருந்து கூப்பிட்டால் மட்டும்தான் வேலை செய்யும். வேறு யார் கூப்பிட்டாலும் பெட்டி கண்டுகொள்ளாது. அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார். மெதப்பாகத்தான் வீடு திரும்பினேன்.

ஒரு வாரம் கழித்து விழிதியூர்க்காரர் கடைக்கு வந்தார். பெட்டியைக் கழற்றி உரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்து, பழையபடி மாற்றித் தரச் சொன்னார்.

நான் பொரிந்துவிட்டேன். தண்ணீரும் கரண்டும் வீணாகப் போவதைத் தடுக்கத்தானே இவ்வளவு பாடு, மறுபடி கண்டவர்கள் கூப்பிட்டால் ஓட வேண்டும் என்றால் எதற்குப் பெட்டி, பேசாமல் ஆட்டோவிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். நானா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அவருக்கு ஸ்டூலைப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீ குடித்த பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்டவங்க இல்லம்மா. எம் பொண்ணு."

எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். பேச வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். இவர் எடுக்கவும் மாட்டார், கட் பண்ணவும் மாட்டார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அந்த வதை தாங்காமல்தான் புது நம்பர் வாங்கியது. பழைய சிம்மைத் தூக்கிப்போடவும் முடியவில்லை. பெட்டிக்குள் போட்டுவிட்டால் காதிலும் விழாது, கண்ணிலும் படாது என்று நினைத்திருக்கிறார். ஐந்து குதிரைத்திறன் மோட்டாராக அது ஓடும் என்பதை யோசிக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடியபோது வயலில் நின்றவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லையாம். பயிருக்குத் தண்ணீர் தேவைப்பட்ட காலம், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் அவரே சாயங்காலமானால் கொட்டகைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். அறுப்பு வந்தபோதும் நிறுத்தக் கை வரவில்லை.

"அது கூப்புட்டு ஓடுறத நான் எப்புடிம்மா நிறுத்துறது?"

 ஆனாலும் என் மூளை கணக்குப் பார்க்காமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்த கால், பெட்டி மாட்டிய பிறகு எப்படித் தினமும் ஆனது என்று கேட்டேன். தெரியவில்லை, மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் ஓட ஆரம்பித்தது, பாசம் ஜாஸ்தியாகியிருக்கும் என்றார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்.

சட்டென்று எனக்குப் புரிந்தது. புரிந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பெட்டி காலைக் கட் பண்ணும் அய்யா, என்றேன். இத்தனை வருஷமும் அடித்து ஓய்ந்த போன் திடீரென்று ஒருநாள் கட் ஆகியிருக்கிறது. அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்? அப்பா பார்த்துவிட்டார், சரி என்கிறார் என்றுதானே? அதனால்தான் அடுத்த வாரமும் பார்த்திருக்கிறாள், மறுபடியும் கட் ஆகியிருக்கிறது. அப்புறம்தான் தினமும் கூப்பிட்டிருக்கிறாள். போன வாரம் நான் மாற்றியதிலிருந்து பெட்டி கட் பண்ணவில்லை. மறுபடியும் பழையபடி அடித்து ஓய்ந்திருக்கும்.

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.  இரண்டு மாதமாகத் தன் பெயரில் ஒரு பெட்டி மகளோடு உறவு கொண்டாடியிருக்கிறது என்பதை அந்த மனிதர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப இந்த ஒரு வாரமா நான்தான் மாறிட்டேன்னு நெனச்சிருக்குமா?"

 பெட்டியிலிருந்து சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டேன். வழக்கமாக அவள் கூப்பிடுகிற நேரம் நெருங்கியிருந்தது. ஸ்டூலில் அவர், மேஜைக்கு இந்தப் பக்கம் நான், நடுவில் போன். பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நானா தொழுகைக்குப் போனார், திரும்பியும் வந்துவிட்டார். போன் அடிக்கவில்லை.

இன்றைக்கு வராதுபோல என்று எழுந்தார். இனி நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்றேன். நானாவைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போட வைத்தேன். மகள் நம்பர் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். இரண்டு மணி அடித்ததும் கட் பண்ணிவிட வேண்டும் என்று கட்டைவிரலைச் சிவப்புப் பட்டன்மேல் தயாராக வைத்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரருக்கு அதைத் தாண்டி யோசிக்க வராது.

முதல் மணி முடிவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

அப்பா, அப்பா என்று இரண்டு தடவை எனக்கே கேட்டது.  பேசுங்கள் என்று நான் கையை ஆட்டினேன். அவர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, நேற்றுப் பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுகிறவர்போல ஆரம்பித்தார்.

"போன் கெட்டுப்போச்சும்மா. அதான் ஒரு வாரமா கட் பண்ண முடியல. இல்லன்னா பண்ணாம இருப்பேனா?"

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று தடுமாறி, ரிப்பேர் பார்க்கிற பொண்ணு பக்கத்தில்தான் நிற்கிறது, நீயே கேட்டுக்கொள் என்று போனை என் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் செய்த பொருளை யாராவது குறை சொன்னால் சும்மா விடுகிறவள் இல்லை நான். இல்லாத பழுதை அதன் தலையில் கட்டினால் கடையே இரண்டாகிவிடும். போனைக் காதில் வைத்தேன். அந்தப் பெண் ரொம்பத் தயங்கி, அப்பாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, தெனமும் கட் பண்ணது எங்கப்பாதானாக்கா?"

"அவங்கதாம்மா," என்றேன்.