கண்ணாடி அலுமாரிக்குள் கணக்குப் பாடம்

ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்குத் திரையில் கணக்குப் படிப்பிக்கும் கம்பனி நடத்துவதை யாழ்ப்பாணத்தில் யாரும் தொழில் என்று ஒத்துக்கொள்வதில்லை. நல்ல வேலையை விட்ட பெண்ணுக்கு வந்த ஏதோ வருத்தம் என்றுதான் நினைக்கிறார்கள். நல்லது செய்யப் புறப்பட்டு நொந்துபோன சகபாடிகளே, உங்களுக்கு விளங்கும். கொழும்பில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இதைத் தொடங்கினேன். என்னோடு சேர்த்து மூன்று பேர். இணையம் இல்லாமலே ஓடும் பாடங்களை டப்பில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. டப் என்றால் சிலேற்று அளவில் ஒரு போன், அவ்வளவுதான்.

சேர் வரட்டும்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைப் பக்கம் கரையோரக் குறிச்சி ஒன்று. பேர் வேண்டாம். அங்குள்ள சனசமூக நிலையத்தில், பேப்பர் படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கேட்டுப் போனேன். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் இருபது டப் வாங்கித் தருகிறார், பிள்ளைகள் பின்னேரம் வந்து படிக்கலாம் என்று விளக்கினேன். நிலையத் தலைவர் நல்ல மனிதர். கதிரை தந்தார், சோடா உடைத்துத் தந்தார், அரை மணித்தியாலம் தலையாட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்தபின் வாசலை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி பிள்ளை, உங்கடை சேர் எப்ப வாறார்?"

வந்த மாதிரியே

திறப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு, மாலை, எட்டுப் பேச்சு. பிள்ளைகள் வரிசையில் நின்று டப்புகளைப் பார்த்தார்கள். தொட விடவில்லை.

ஒரு மாதம் கழித்து, யார் எவ்வளவு படித்தார்கள் என்று பார்க்கப் போனேன். இருபதிலும் பூச்சியம். உதைபந்தாட்டக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடி அலுமாரிக்குள், பாடம் ஏற்றியபின் நாங்கள் போட்டுவிட்ட பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாமல் அடுக்கியிருந்தார்கள். பூட்டின் திறப்பு தலைவரின் அரைஞாணில் தொங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டேன். வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கண்ணாடி அலுமாரிதான். எங்கள் வீட்டிலேயே சுவிசிலிருந்து வந்த கோப்பைகள் இன்னும் தேத்தண்ணியைக் கண்டதில்லை. தலைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னார்.

"ஒண்டும் பழுதாகேல்லைப் பிள்ளை. வந்த மாதிரியே வைச்சிருக்கிறம்."

அறுபது பாடம்

பேப்பரில் வேலை விளம்பரம் பார்க்க அங்கே வருபவள் ஜெசிந்தா. பதினெட்டு வயது, நண்டுக் கம்பனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கும் வேலை. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல். சோதனையில் கணக்கு மட்டும் கோட்டை விட்டவள். அதைப் பாஸ் பண்ணினால் தாதி உதவியாளர் பயிற்சிக்கு எடுப்பார்கள், இல்லாவிட்டால் நண்டுதான். வீட்டிலிருக்கும் ஒரேயொரு போனும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். தலைவரோடு மல்லுக்கட்டி, கொப்பியில் கையெழுத்து வைத்து, ஒரு டப்பை அவளுக்கு வீட்டுக்குக் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் அறுபது பாடம் முடித்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நண்டு ஓடு கிழித்து, உப்புத் தண்ணீரில் ஊறி, நுனித்தோல் உரிந்து கிடந்தன. அந்த விரலைத் திரை கண்டுகொள்ளவே இல்லையாம். எங்கள் மெத்தென்ற விரல்களால் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றிருந்த எங்களுக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. பின்னே எப்படிப் படித்தாய் என்று கேட்டேன்.

"பரவாயில்லை மிஸ், மூக்காலை அமத்தினா வேலை செய்யுது."

வெள்ளைச் சட்டை

டப் வாங்கித் தந்தவர் ஒரு வெற்றிக்கதை கேட்டார், படத்தோடு. ஜெசிந்தாவின் படத்தை அனுப்பினேன். அன்றே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, உந்தப் பிள்ளை வேலைக்குப் போற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு. வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டைப் பிடியுங்கோவன்."

இருபதாவது

அவருக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: இருபது டப்பும் ஒரே படத்தில் தெரியவேண்டும். அலுமாரியில் பத்தொன்பதுதான். சோதனைக்கு இரண்டு கிழமை இருந்தது. ஜெசிந்தாவிடம் போய், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றோடு படம் எடுத்துவிட்டு இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன் என்றேன். சட்டை நுனியால் திரையைத் துடைத்து, இரண்டு கையாலும் தந்தாள். கடைசி ஆறு பாடம்தான் மிச்சம் என்றாள்.

வெள்ளைச் சட்டைக்குத் தலைவர் தன் தங்கையின் மகளைக் கூட்டி வந்தார். அவளும் அந்த முறைதான் ஓ.எல். எழுத இருந்தாள். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம், மூன்று ரியூசன். ஜெசிந்தாவின் டப்பை அவள் கையில் கொடுத்து, படிப்பதுபோல் இரு என்றேன்.

"அன்ரி, இதை எப்பிடி ஓன் பண்ணுறது?"

திறப்பு

படம் எடுத்து முடிந்ததும் தலைவர் இருபதையும் உள்ளே வைத்துப் பூட்டினார். ஜெசிந்தாவுடையதை எடுத்துவிடச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்; அதற்குள் கொழும்பிலிருந்து ஒரு போன் வந்தது, கதைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். தலைவர் மகளின் கலியாண அலுவலாக வவுனியாவுக்குப் போனார், திறப்பும் கூடவே போனது. நான் கொழும்பில், தொழில்முனைவுப் பெண்களுக்கான போட்டி மேடையில் நின்றேன். ஒரு மாணவி மூன்று மாதத்தில் அறுபது பாடம் முடித்ததை, அந்த வெள்ளைச் சட்டைப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள், பரிசும் தந்தார்கள். திரும்பி வந்தபோது சோதனை முடிந்துவிட்டது. தலைவருக்கு நான் ஒரு போன் எடுத்திருக்கலாம். மறந்துவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் எங்கள் ஆண்டறிக்கை மாதிரித்தான் இருக்கும்.

முடிவுகள் வந்தன. ஜெசிந்தா இந்த முறையும் கணக்கில் தவறிவிட்டாள். நண்டுக் கம்பனி வாசலில் காத்திருந்தேன். தலையில் வலைத்தொப்பி, கையில் ஈரம். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் ஏசவில்லை, உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டாள்.

"மிஸ், படத்திலை நிண்ட பிள்ளை பாசோ?"

அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் ஏ, எனக்கு மேடையில் பரிசு, இருபது டப்பும் வந்த மாதிரியே அலுமாரிக்குள். ஆகவே எங்கள் தொழிலில் பழுதாய்ப்போனது என்று கணக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.