அக்காவின் தோளும் என் பொய்யும்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் காட்டில் அக்கா கூலிக்குப் பருத்தி எடுக்கப் போயிருந்தாள். கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம். வெடிப்புக்குள் கால் மாட்டி, வலது தோள் தரையில் மோத விழுந்துவிட்டாள்.

அக்காவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அத்தான் இறந்து ரொம்ப காலமாகிறது. பிள்ளை இல்லை. எங்கள் வீட்டை ஒட்டிய ஒரு அறையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறாள். நானும் என் மனைவியும் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். எனக்கு ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பெரிய இடங்களில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், தோள் உருண்டை நாலு துண்டாகிவிட்டது, பிளேட் வைத்தாலும் பிடிக்காது என்றார். ஒரு பொம்மை எலும்பை வைத்து மூன்று வழிகளை விளக்கினார். கையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆறவிடலாம். வலி குறையும், கை அவ்வளவாக உயராது. உடைந்த உருண்டையை மட்டும் மாற்றலாம். சுற்றியுள்ள தசைநார் ஒட்டினால்தான் கையைத் தூக்க முடியும், இந்த வயதில் அது நிச்சயமில்லை. மூன்றாவது, மூட்டையே தலைகீழாக மாற்றுவது. உருண்டை இருந்த இடத்தில் குழி, குழி இருந்த இடத்தில் உருண்டை. அதில் கை உயர வாய்ப்பு அதிகம். ஆனால் பெரிய ஆபரேஷன், பிறகு பாரம் சுமக்கக் கூடாது.

எனக்குப் பாதிதான் புரிந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

“அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்று கேட்டார்.

கூடப்பிறந்தவள் இந்த வயதில் அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போகிறாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“வேலை ஒண்ணும் கிடையாது சார். வீட்டுல சும்மாதான் இருக்காவ. எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்.”

அப்படியென்றால் பெரிய ஆபரேஷன் வேண்டாம், ஆறவிட்டே பார்க்கலாம், வெளியே உட்கார்ந்து யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள்.

“ஏலே, நான் எப்பம்லே சும்மா இருந்தேன்?”

நான் தரையைப் பார்த்தேன்.

“கொடியில துணி போட, பரண்ல பானை எடுக்க எல்லாத்துக்கும் உம் பொண்டாட்டியா வருவா? அவளே விடிஞ்சா ஆபீசுக்கு ஓடுதா. எனக்குக் கொண்டை யாரு போடுவா, நீ போடுவியோ?” லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “பாரம் தூக்காட்டா போகுது. கை தலைக்கு எட்டணும்லே. அதுக்கு எது தோதுன்னு கேட்டுட்டு வா.”

கதவு வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய், “சார், நான் சொன்னது பொய்” என்றேன். அக்கா தனியாக இருப்பதையும் கூலிக்குப் போவதையும் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. “அவங்களையே கூப்பிடுங்க” என்றார்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் அக்காவிடமே கேட்டார். புண்ணில் சீழ் வைக்கலாம், மூட்டு நழுவலாம் என்பதையும் மறைக்கவில்லை. தலைகீழ் மூட்டுதான் என்று அக்கா முடிவு செய்தாள். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் பயிற்சி. இன்றைக்கும் முதுகு சொறியக் கை எட்டாது. அதற்கு ஒரு அகப்பை வைத்திருக்கிறாள். பருத்திக்காட்டுக்குப் போக முடியாத வருத்தமும் இருக்கிறது. ஆனால் ஒருநாள் காலையில் வாசலில் நின்று இரண்டு கையாலும் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

“என்னலே பாக்க? ஆபீசுக்கு நேரமாகல?” என்றாள்.

என் கௌரவத்துக்காக அவள் கையை விட்டுக்கொடுக்க இருந்தேனே என்ற நினைப்பு, அவள் கொண்டை போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வந்து என்னைத் தலைகுனிய வைக்கிறது.