ருக்குமணி காய்ச்சிய பால்

ருக்குமணி அக்காவைக் கெடுத்தது அவருடைய மரியாதைதான். இப்படிச் சொன்னால் எங்கள் சந்தில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வாடகை வீட்டில் இருந்தவர் அவர். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போய், கடைசியில் ஆளும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. முன்னறையில் ஒரு தையல் மிஷின் இருந்தது. சேலைக் கடைக்கு வருகிறவர்கள் சேலையை எடுத்த கையோடு நடந்து வந்து ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். வீடு அந்த இடத்தில் இருந்ததால்தான் அவருக்குச் சோறு.

வீடோ படுமோசம். பழைய செங்கல் சுவர். எந்தப் புண்ணியவானோ அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டான். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் பொதபொதவென்று ஊறிக் கிடந்தது. மழைக்காலத்தில் தைத்து மாட்டிய ரவிக்கையில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரர் லோகேஸ்வரனுக்குப் போன் போட்டால், "பாக்கலாம்கா" என்பார். அப்பா விட்டுப்போன வீடு. இவர் இருப்பது கோலாலம்பூரில். வாடகை பேங்கில் விழுந்தால் போதும், வீட்டை எட்டிப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பிரமிளா வந்தாள். கட்டட வரைகலைஞர். வார இறுதிகளில் பழைய வீடுகளைப் பழைய முறையிலேயே செப்பனிடும் தொண்டூழியக் கூட்டம் ஒன்றை நடத்துகிறாள். இலவசம் என்று கேட்டதும் லோகேஸ்வரன் போனிலேயே சரி சொல்லிவிட்டார்.

"அக்கா தொடர்ந்து இங்கயே இருப்பாங்கதானே சார்?" என்று பிரமிளா கேட்டாள்.

"பின்ன எங்க போவாங்க? அவங்க வீடு மாதிரிதான் லா அது."

அந்தப் பேச்சை ஸ்பீக்கரில் கேட்ட ருக்குமணி அக்கா, தண்ணீர்மலை முருகன் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். முருகனுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

குடியிருப்பவரும் கூடச் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் கட்டாயம். கோத்தோங் ரோயோங், ஊர்கூடிச் செய்யும் வேலை என்றால் அப்படித்தானே. ஹைக்கல் என்ற பையன் சிமெண்டைக் கொத்திக் கொட்ட, அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மணல் சலித்தார். புதிய சுண்ணாம்புப் பூச்சு சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் சுவரில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காய விடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ரவிக்கை தைப்பது பாதியில் நிற்கும், எழுந்து போய்த் தெளித்துவிட்டு வருவார். வந்தவர்களுக்கெல்லாம் சார்டின் சம்பலும் சோறும் அவர் கையால்தான்.

மாதக்கணக்கில் இழுத்து, ஒருவழியாக வேலை முடிந்தது. சாக்கை எடுத்த பிறகு அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நடுமுற்றத்தில் வெயில் இறங்குகிறது, காற்று வருகிறது, விசிறியே தேவையில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

"பால் காய்ச்சணும்" என்றார் அக்கா. சொந்த வீடு கட்டிக் குடிபோகும் யோகம் அவருக்கு வாய்க்கவில்லை. இதையே புதுமனை புகுவதாக வைத்துக்கொண்டார். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் வீட்டுக்காரரையும் அழைக்கப் போவதாகச் சொன்னபோது பிரமிளா தயங்கினாள்.

"அவரு எதுக்குக்கா? முடிஞ்சிடுச்சின்னு போன்ல சொல்லிடலாமே."

"என்னா பேசுற லா நீ? வீடு அவங்களோடது. அவங்கள அழைக்காம அடுப்பு பத்த வெச்சா நல்லாவா இருக்கும்?"

லோகேஸ்வரன் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவர், முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். "ஏர்கோன் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். மாடிக்கு ஏறிப் போய் ஒவ்வோர் அறையாகப் படம் எடுத்தார். பால் பொங்கியதும் முதல் டம்ளர் அவருக்குத்தான். வெற்றிலை, பழம், பட்டுக்கரை வேட்டி எல்லாம் தட்டில் வைத்து அக்கா நீட்ட, அவரும் வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்த வாரமே போன் வந்தது. வீட்டைப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறாராம். அக்கா வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பிரமிளா அழாத குறையாக லோகேஸ்வரனிடம் சண்டை போட்டாள். "நானா கேட்டேன்? நீங்களாத்தானே வந்து செஞ்சீங்க" என்று முடித்துவிட்டார். ருக்குமணி அக்கா சண்டை போடவில்லை. மிஷினைத் துணியால் மூடிக் கட்டி, கடல் தாண்டி செபராங் ஜெயாவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். அங்கே அவரைத் தேடி மாடியேறி ரவிக்கை தைக்க யார் வருவார்கள்? இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்கிறார்.

போன மாதம் பிரமிளா அவரைத் தேடிப் போனாள். எங்கள் பக்கத்துச் சந்தில் காமாரியா என்ற பெண்ணின் வாடகை வீடும் ஒழுகுகிறது. அப்பம் சுட்டு விற்பவள். தொண்டர்களை உள்ளே விடப் பயப்படுகிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாள், வாருங்கள் அக்கா என்று கெஞ்சியிருக்கிறாள். கெஞ்சப் பிரமிளாவுக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஃபெரி ஏறி வந்தார். வாசலில் நின்றபடியே காமாரியாவிடம் சொன்னார்.

"இவங்க நல்ல புள்ளைங்கதாம்மா. சுத்தமா செய்வாங்க. வீடு ஜில்லுனு ஆயிடும்."

பிரமிளாவின் முகம் மலர்ந்தது.

"அதனாலதான் சொல்றேன், உள்ள விடாத. ஒழுகுற வரைக்கும் ஒன்னைய யாரும் கெளப்ப மாட்டான்."

"அக்கா, இந்த வீட்டுக்காரர் அப்படி இல்லக்கா" என்றாள் பிரமிளா.

ருக்குமணி அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப மழைக்கு நான் என்னாக்கா செய்யட்டும்?" என்று கேட்டாள் காமாரியா.

"வாளி வை."