ஒரே வாரத்தில் ஒரு முழம்

என் மாதுளஞ்செடி ஒரே வாரத்தில் ஒரு முழம் வளர்ந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் விடுதிப் பெண்கள் அத்தனை பேரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னதாக ஒருநாளும் நினைத்ததில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

காவலூரிலிருந்து உள்ளே தள்ளி, ஜவ்வாது மலையில் எங்கள் ஊர். மாசி மாதம் அம்மா காய்ச்சல் விட்டு எழுந்தபோது, அப்பா ஒடுகத்தூருக்கு இறங்கிப் போய் இரண்டு மாதுளம்பழம் வாங்கி வந்தார். அம்மா முத்துகளை மென்று விழுங்கப் போக, நான் தடுத்தேன். சாறு போதும், கொட்டையைத் துப்பு என்றேன். பாவம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், ஒவ்வொன்றாகச் சப்பிச் சப்பி என் உள்ளங்கையில் துப்பினாள். அவற்றைச் சாம்பலில் புரட்டி, வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். பிறகு அடியில் ஓட்டை போட்ட பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி ஊன்றினேன்.

மூன்று வாரம் கழித்து மூன்றே மூன்று முளைத்தன. ஒன்றைக் கோழி கிளறிவிட்டது. வேர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்ப்பதற்காக இன்னொன்றை நானே பிடுங்கினேன். மிஞ்சிய ஒன்றைத் துணி துவைக்கும் கல்லோரம் தரையில் நட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. எங்கள் ஊரில் ஐந்தாவதோடு சரி. மேலே படிக்க விடுதியில் தங்க வேண்டும். அண்ணன் இரண்டாம் நாளே அங்கிருந்து ஓடி வந்தவன். எங்கள் வீட்டில் யாரும் ஆறாவதைத் தாண்டியதில்லை. நான் வாசற்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். செடியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் நான் சொன்ன காரணம்.

"நான் பாத்துக்கறேன் பாப்பா. நீ சனிக்கெழம சனிக்கெழம வா. எத்தினி எல வுட்டுக்கீதுன்னு எண்ணிப் பாத்துட்டுப் போ," என்றார் அப்பா.

"செடி செத்துப்போச்சுன்னா நான் வூட்லயே இருந்துடுவேன்."

"செரி," என்றார்.

முதல் சனிக்கிழமை எட்டு இலை. அடுத்த வாரம் பத்து. மூன்றாம் வாரம் பன்னிரண்டு. நான்காம் வாரம் போய்ப் பார்த்தால், விரல் பருமனுக்குத் தண்டோடு ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. இலைகளை எண்ணி மாளவில்லை.

"எப்டிப்பா?"

"மழ பேஞ்சிதில்ல," என்றார் அப்பா.

"எரு போட்டோம்," என்றாள் அம்மா.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. அண்ணன் திடீரென்று இருமிக்கொண்டே அப்பால் போய்விட்டான்.

விடுதியில் எனக்கு அடுத்த பாயில் படுப்பவள் மட்டும் இதை நம்பவில்லை. அவள் மாமா நாற்றுப் பண்ணையில் வேலை பார்ப்பவர். "உன்னுது இன்னா மந்திரச் செடியா?" என்று கேட்டாள். சண்டை முற்றி, அடுத்த சனிக்கிழமை அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அவள் குனிந்து தண்டைத் தடவிப் பார்த்தாள். "இது வெதையில வந்ததில்லடி. குச்சி வெட்டி நட்டது. பாரு, வெட்டுன தடம் தெரியுது."

அப்பா கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணு பசியில கீது," என்று அம்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் தோழி வாயோரம் தேன் வழிய, கையில் ஒரு துண்டுத் தேனடையுடன் வெளியே வந்தாள். செடியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "நான்தான் செரியா பாக்கல. வெததான்," என்றாள்.

அந்த வருஷம் முழுக்க அவளுக்கு அந்தச் செடிமேல் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக்கு வந்து, தேன் தின்று தெளிந்து போனாள். மூன்றாம் வருஷம் அது காய்த்தபோது, விதை போட்டவள் என்று முதல் பழத்தை எனக்கே கொடுத்தார்கள். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நடந்ததை அண்ணன் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அந்த நான்காம் வாரம் புதன்கிழமை, கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து என் செடியை வேரோடு தின்றுவிட்டது. நல்ல மழை விழுந்து மலை முழுக்கச் சாமை விதைத்துக்கொண்டிருந்த நாள் அது. அப்பா விதைக் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஒடுகத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கிறார். நான் விடுதிக்குப் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாத மனுஷர்.

"செடி போச்சுன்னு தெரிஞ்சா பாப்பா வூட்டுக்கே வந்துடும் இல்ல?" என்று அம்மா கேட்டாளாம்.

"அதனாலதான் போறேன்," என்றாராம் அப்பா.

அப்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தோழியை ஜெயித்த பெருமையில், அந்தத் திங்கட்கிழமை காலை முதல் தடவையாக அழாமல் பஸ் ஏறினேன். அப்பா பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் புளியமரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். இந்த மழைக்குளிரில் இவருக்கு மட்டும் எப்படி வியர்க்கிறது என்றுதான் நினைத்தேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்துப்பா, மறந்துடாத!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

அவர் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினார்.